அஜாக்ஸில் பழகிய ஒத்திகையும் முல்லைத்தீவில் செய்த ஒத்திகையும்

என் கழுத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டார்கள். "வயது 68. தமிழ் மட்டும் தெரியும். சீனி வருத்தம் இருக்கிறது. குளிசைகள் வீட்டில் விடுபட்டுவிட்டன. மகனின் தொலைபேசி இலக்கம் நினைவில் இல்லை." எனக்கு அப்போது 40 வயதுகூட ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க நான் அந்த அம்மாதான். அவவுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும், அவவுக்குத் தெரியாத மொழியில் வாயே திறக்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

கனடாவில் நாங்கள் இருந்த அஜாக்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில், ஒன்ராறியோ ஏரிக்கரையில் பிக்கரிங் அணுமின் நிலையம் இருக்கிறது. 1971இல் முதல் உலை ஓடத் தொடங்கியது. பிறகு எட்டு உலைகள் வரை வந்தன. ஸ்காபரோ, பிக்கரிங், அஜாக்ஸ் என்று எங்கள் சனம் செறிந்து வாழ்கிற இடங்கள் பல அதற்குக் கிட்டத்தான். 2006இல் கலியாணம் முடித்துப் போனவள் நான். அங்கே வயோதிபர் பராமரிப்பு வேலை செய்தேன். அப்பாவைப் பார்க்க ஆளில்லாமல் போனதும் 2022இல் முல்லைத்தீவுக்கே திரும்பி வந்துவிட்டேன். இங்கே எங்கள் கிராமத்தில் சுனாமி ஒத்திகை ஒன்று செய்ய மீனவர் சங்கமும் மாதர் சங்கமும் கூடியபோது, அஜாக்ஸில் பழகியது எவ்வளவோ கைகொடுத்தது. வன்னியில் வேறு கிராமங்களும் இதைச் செய்யலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்த அட்டை அம்மாவின் கதையைச் சொல்கிறேன்.

அணுமின் நிலையத்தில் விபத்து நடந்து, சுற்றியுள்ளவர்களை வெளியேறச் சொன்னால், அவர்கள் போய்ச் சேரும் இடம் ஒன்று வேண்டும். அங்கே பெயர் பதிவார்கள், உடம்பிலும் உடுப்பிலும் கதிரியக்கத் தூசி ஒட்டியிருக்கிறதா என்று கருவியால் பார்ப்பார்கள், ஒட்டியிருந்தால் உடுப்பு மாற்றிக் குளிக்க விடுவார்கள். அப்படியொரு இடமாக ஒரு சமூக மண்டபத்தை மாற்றி நடந்த ஒத்திகை அது. உண்மையான கதிரியக்கம் எதுவும் இல்லை. கருவியை உடம்போடு ஒட்டினாற்போல் மெதுவாக நகர்த்துவார்கள்; பக்கத்தில் வர்ண மேலங்கி போட்ட கண்காணிப்பாளர் தன் கையிலுள்ள தாளைப் பார்த்து, "இடது சட்டைக்கையில் கருவி சத்தம் போடுகிறது" என்று சொல்வார். அதற்குப் பிறகு அந்த ஊழியர் என்ன செய்கிறார் என்பதைத்தான் குறித்துக்கொள்வார்கள்.

பதிவு மேசையிலேயே நான் நின்றுபோனேன். மேசையில் இருந்த பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். அவள் அதையே கொஞ்சம் உரத்துக் கேட்டாள். திரும்பவும் தமிழில் சொன்னேன். பின்னால் வரிசை நீண்டது. வாகனத் தரிப்பிடத்தில் வேலை செய்துகொண்டிருந்த தமிழ்ப் பொடியன் ஒருவனைக் கூட்டிவர இருபது நிமிடம் போனது. அவன் பெயர், முகவரி, வயது எல்லாம் மொழிபெயர்த்தான். மருந்து எடுக்கிறீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் ஒரு தாதி அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சீனி வருத்தத்தைக் கண்டுபிடித்தா.

அடுத்தது உடுப்பு. மேலுடுப்பைக் கழற்றினாலே ஒட்டிய தூசியில் பெரும்பகுதி போய்விடும் என்பது உண்மை. அதனால் அவசரம் காட்டினார்கள். நகைகளையும் ஒரு பிளாஸ்ரிக் பையில் போடச் சொன்னார்கள். என் கழுத்தில் இருந்தது என் சொந்தத் தாலிக்கொடி. கை தானாக அதை மூடிக்கொண்டது. ஒத்திகைதான், நடிப்புத்தான் என்று மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. ஏன் கழற்றுகிறோம், எங்கே வைப்பார்கள், கழுவித் திருப்பித் தருவார்களா என்று ஒருவர் என் மொழியில் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் கழற்றியிருப்பேன். அது நடக்காததால் வரிசை இன்னொரு தடவை நின்றது.

முடிந்தவுடன், உடுப்புக்கூட மாற்றாமல், எல்லோரையும் இருத்தி என்ன பிழைத்தது என்று கேட்டார்கள். இந்தப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. யாரும் யாரையும் பாராட்டவில்லை. நான் மூன்று விசயம் சொன்னேன்: மொழி, மருந்து, தாலி. மூன்றையும் எழுதினார்கள். அடுத்த முறை போனபோது பதிவு மேசையில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படத்தோடு ஒரு தாள் இருந்தது. பெயருக்கு அடுத்த கேள்வியே மருந்து பற்றியதாக மாறியிருந்தது. கழுவித் திருப்பித் தரப்படும் பொருட்களின் படத்தில் ஒரு சங்கிலியும் இருந்தது.

ஒத்திகை பிழையில்லாமல் முடிந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு அன்றிலிருந்து சந்தேகம்தான். பிழை வரட்டும் என்றுதானே அதைச் செய்கிறோம்? நல்லாப் போனது என்று படம் பிடித்துவிட்டு வருவதற்கு அவ்வளவு சனத்தை அலைக்கழிக்கத் தேவையில்லை.

இந்த ஒத்திகைகள் அணுமின் உலகத்தில் சும்மா வந்துவிடவில்லை. 1979 மார்ச் 28இல் அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் விபத்து நடந்தது. உலையைச் சுற்றி 5 மைலுக்குள் இருந்த கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் வெளியேறுவது நல்லது என்றுதான் ஆளுநர் சொன்னார். ஆனால் வெளியேறியவர்கள் ஏறக்குறைய 1 இலட்சத்து 40 ஆயிரம் பேர். பயம் எட்டுகிற தூரம் அறிவித்தல் சொல்கிற தூரத்தைவிட நீளம் என்று அப்போது தெரிந்தது. அதற்குப் பிறகுதான் நிலையத்துக்கு வெளியே இருக்கும் ஊர்களையும் சேர்த்து ஒத்திகை செய்யவேண்டும் என்று அங்கே விதி வந்தது. 1986இல் அன்றைய சோவியத் யூனியனில் செர்னோபில் உலை வெடித்து ஒன்றரை நாள் கழித்துத்தான் பக்கத்து நகரமான பிரிப்யாத்தின் சனம் பேருந்துகளில் ஏற்றப்பட்டது. இந்தியாவில் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீற்றர் வரை அவசரத் திட்டம் போட்டு, ஊரையும் சேர்த்த ஒத்திகையை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை செய்யவேண்டும் என்பது ஏற்பாடு.

தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையம் மன்னாரிலிருந்து கடலுக்கு அப்பால் ஏறக்குறைய 250 கிலோமீற்றரில் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே என்னிடம் கேட்பவர்கள் பலர். அந்தத் தூரத்தில் மூட்டை கட்டிக்கொண்டு ஓடுவது பற்றிய யோசனை தேவையில்லை. அப்படியொன்று நடந்தால் எங்களுக்கு வரக்கூடிய கேள்விகள் பாலும் மீனும் மரக்கறியும் பற்றியவை: எதைச் சாப்பிடலாம், எதைக் கொஞ்ச நாள் தவிர்க்கலாம் என்பது. செர்னோபிலுக்குக் கிட்டப் பிள்ளைகளுக்குத் தைரொயிட் புற்றுநோய் கூடியதற்கு முக்கிய காரணம், மாசுபட்ட புல்லைத் தின்ற பசுக்களின் பால். அதைத் தடுக்க நேரத்துக்குச் சொல்லியிருந்தால் போதும்.

அயோடின் குளிசை பற்றியும் ஒரு சொல். 2015இல் பிக்கரிங்கைச் சுற்றி 10 கிலோமீற்றருக்குள் இருந்த வீடுகளுக்கெல்லாம் பொற்றாசியம் அயோடைட் குளிசைகள் தபாலில் வந்தன. எங்கள் வீட்டுக்கும் வந்தது. மாமி அதைச் சாமி அலுமாரியில் வைத்துவிட்டா, பத்திரமான இடம் என்று. அது தைரொயிட் சுரப்பியை நல்ல அயோடினால் நிரப்பி, கதிரியக்க அயோடின் போய் ஒட்டாமல் தடுக்கும். அவ்வளவுதான். வேறு கதிரியக்கத்தைத் தடுக்காது. சொல்லும்போதுதான் எடுக்க வேண்டும். முன்கூட்டியே தினமும் போடுகிற சத்துக் குளிசை இல்லை. குழந்தைகளுக்குத்தான் முதலிடம். இங்கே உள்ளவர்கள் இணையத்தைப் பார்த்து வாங்கி வைக்கத் தேவையில்லை.

2020 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. காலை 7 மணி 23 நிமிடத்துக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. பிக்கரிங் நிலையத்தில் ஒரு சம்பவம் என்று அறிவித்தல். வெளியே ஒரே பனி. அவர் சாவியைத் தேடுகிறார், மகள் அழுகிறாள், மாமி சாமி அறைக்குப் போய்விட்டா. நான் குளிசைப் பொதியைத் தேடி அலுமாரி அலுமாரியாகத் திறக்கிறேன். காரில் கால்வாசி எரிபொருள். கடவுச்சீட்டுகள் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

பிறகு அமைதியாக அந்தச் செய்தியை முழுக்க வாசித்தேன். வழக்கத்துக்கு மாறாகக் கதிரியக்கம் எதுவும் வெளியேறவில்லை, மக்கள் இப்போதைக்கு எந்தப் பாதுகாப்பு நடவடிக்கையும் எடுக்கத் தேவையில்லை என்று அதிலேயே இருந்தது. ஆனால் அது பின்னால் இருந்தது. முதல் வரியோடு நாங்கள் எழுந்து ஓடிவிட்டோம். ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் கழித்து, அது தவறுதலாகப் போன செய்தி என்று இன்னொரு அறிவித்தல் வந்தது. பணி மாறும் நேரத்தில் வழக்கமாகச் செய்யும் பரிசோதனையை, பயிற்சித் தளம் என்று நினைத்து உண்மையான தளத்தில் செய்துவிட்டதாக விசாரணையில் தெரிந்தது. அடுத்த இரண்டு நாளில் 30 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் அயோடின் குளிசைக்கு விண்ணப்பித்தார்கள்.

அன்றைக்குப் பின்னேரமே நான் ஒரு பையைக் கட்டினேன். அடையாளப் பத்திரங்களின் பிரதி, ஒரு வாரத்துக்கான மருந்து, மருந்துச்சீட்டு, தொலைபேசி இலக்கங்கள் எழுதிய தாள், கொஞ்சக் காசு, ரோர்ச், தண்ணீர். கதவுக்குப் பக்கத்தில் கொழுவி வைத்தேன். இப்போது முல்லைத்தீவிலும் அப்பாவின் கட்டிலுக்குத் தலைமாட்டில் அப்படியொரு பை இருக்கிறது. அதில் அவருடைய கிளினிக் கொப்பி மேலேயே இருக்கும். கொப்பி இல்லாவிட்டால் எந்த ஆஸ்பத்திரியிலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

சரி, முல்லைத்தீவுக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26 காலை நான் இந்தக் கரையில்தான் இருந்தேன். சுனாமி என்ற சொல்லையே அன்றைக்குப் பின்னேரம்தான் கேட்டேன். சுமாத்திராவுக்குக் கிட்ட நிலம் அதிர்ந்தது எங்கள் நேரப்படி 7 மணிக்குச் சற்று முன். கடல் எங்களிடம் வந்தது 9 மணியளவில். இரண்டு மணித்தியாலம் இருந்தது. சொல்ல ஒருவரும் இல்லை, சொல்லியிருந்தாலும் எந்தப் பக்கம் போவது என்று எங்களுக்கு ஒருவரும் பழக்கியிருக்கவில்லை. இப்போது கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் இருக்கின்றன, இந்து சமுத்திர நாடுகள் சேர்ந்து செய்யும் சுனாமி ஒத்திகைகளில் இலங்கையும் கலந்துகொள்கிறது. ஆனாலும் கோபுரம் ஊதியபிறகு என் வீட்டுக் கதவிலிருந்து நான் என்ன செய்வேன் என்பதை ஊர்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

கூட்டத்தில் முதல் பேச்சே சைரன் பற்றித்தான் வந்தது. ஒலிபெருக்கியில் சைரன் போடலாம் என்று ஒரு தம்பி சொன்னான். மாதர் சங்கத்து அக்கா ஒருவர் எழும்பி, "அந்தச் சத்தம் கேட்டால் நான் ஓடமாட்டன் தம்பி, குப்புறப் படுப்பன்" என்றா. கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. 2009ஐக் கடந்து வந்த உடம்புகள் இவை. சத்தம் கேட்டால் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளப் பழகியவர்கள். கடல் வரும்போது படுத்தால் முடிந்தது கதை. அதனால் சைரனை விட்டுவிட்டு, கோயில் மணியைத் தொடர்ந்து அடிப்பது, பிறகு ஒலிபெருக்கியில் தெரிந்த குரலில் சொல்வது என்று முடிவெடுத்தோம். கோபுரத்துச் சைரனுக்கும் சனம் பழகவேண்டுமே என்று கேட்டார்கள். அதைத் தனியாக, பகலில், எல்லோருக்கும் நேரம் சொல்லி, குறைந்த சத்தத்தில் போட்டுக் கேட்க வைப்பது என்று ஒத்துக்கொண்டோம். வன்னியில் யார் ஒத்திகை செய்தாலும் இதைத் தயவுசெய்து முதலில் யோசியுங்கள். முன்னறிவித்தல் இல்லாமல் சைரன் போடாதீர்கள். திடீரென்று செய்தால்தான் உண்மை தெரியும் என்று சொல்பவர்கள் எங்கள் ஆட்களை அறியாதவர்கள்.

அறிவித்தலை எழுதும்போது அந்த ஜனவரி காலை என் நினைவில் இருந்தது. "இது ஒத்திகை. பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்து போங்கள். இது ஒத்திகை." என்ன செய்யவேண்டும் என்பது முதல் மூச்சிலேயே வந்துவிட வேண்டும், காரணம் பிறகு. அணுமின் நிலைய ஒத்திகைகளில் வானொலியில் பேசும் ஒவ்வொரு செய்தியையும் "இது ஒத்திகை" என்றுதான் தொடங்கி அப்படியேதான் முடிப்பார்கள். நாங்களும் அப்படியே எழுதினோம். ஆனால் நாலாவது தடவை சொல்லும்போது வாசித்த தம்பி அலுத்துப்போய் "இது ஒத்திகை"யை விட்டுவிட்டான். அந்தத் துண்டைத்தான் யாரோ பதிவு செய்து வட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். பத்து நிமிடத்தில் புதுக்குடியிருப்பிலிருந்து என் சித்தி அழுதுகொண்டு அழைத்தா. வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி இங்கே எங்களைக் கூட்டிப்போக மகன் மோட்டார்சைக்கிளில் வெளிக்கிட்டுவிட்டானாம். சின்னப் பிழை, ஆனால் ஓடுகிறவர்களின் பாதையில் எதிர்த்திசையில் ஒரு வாகனம். இனி அறிவித்தலை வாசிப்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் தாளைப் பார்த்தபடி நிற்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பக்கத்து ஊர்களின் கிராம அலுவலர்களுக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மணி அடித்ததிலிருந்து கடைசி ஆள் பள்ளிக்கூடத்துக்குள் வந்து சேர 47 நிமிடம். பலர் சந்தோசப்பட்டார்கள். நான் யார் கடைசியாக வந்தார்கள் என்று கேட்டுக்கொண்டு போனேன்.

ஒரு அண்ணைக்கு முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால். வீட்டில் இருக்கும்போது கழற்றி வைத்திருப்பார். புண் வராமல் முதலில் துணி உறை, பிறகு காலைச் செருகும் கிண்ணம், பிறகு பட்டி என்று மாட்டி முடிக்க அவருக்குப் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடம் எங்கள் எந்தக் கணக்கிலும் இருக்கவில்லை. ஒரு அக்கா பாதி வழியில் திரும்பிப் போய் ஆடுகளை அவிழ்த்துவிட்டு வந்தா. அவவைக் குறை சொல்ல மாட்டேன், அந்த மூன்று ஆடுதான் அவவின் சீவியம். மணி அடித்தவுடன் முதல் வேலையாகக் கயிற்றை அறுத்துவிடுவது என்று இப்போது பேசியிருக்கிறோம். எட்டுத் தாய்மார் எல்லோருக்கும் எதிர்த்திசையில், கரையோரப் பாலர் பாடசாலையை நோக்கி ஓடினார்கள். இது உலகம் முழுக்க நடப்பதுதான். அஜாக்ஸிலும் பாடசாலைப் பிள்ளைகளை நேரே வெளியூர்ப் பாடசாலைக்குக் கொண்டுபோவோம், பெற்றோர் அங்கே வாருங்கள் என்றுதான் திட்டம் சொல்கிறது. எந்தத் தாய் கேட்பாள்? ஆசிரியை பிள்ளைகளை எந்த வழியால் கூட்டிப்போவா, எந்த மரத்தடியில் எண்ணுவா என்று தாய்க்குக் கண்ணால் காட்டினால்தான் கேட்பாள். அதனால் அடுத்த கிழமை தாய்மாரையும் ஆசிரியையையும் சேர்த்து அந்த வழியால் ஒரு தடவை நடக்க வைத்தோம்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பற்றிப் பேசும்போது ஜப்பானின் ஃபுகுஷிமாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2011 மார்ச்சில் சுனாமி அடித்து அங்கே அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தபோது, உலைக்குக் கிட்ட இருந்த ஒரு மருத்துவமனை நோயாளிகளை அவசரமாகப் பேருந்துகளில் ஏற்றினார்கள். மணிக்கணக்கான பயணம், சேலைன் இல்லை, பராமரிக்க ஆள் போதாது. அந்தப் பயணத்திலும் அதற்குப் பிறகும் பல முதியவர்கள் இறந்துபோனார்கள். ஃபுகுஷிமா மாகாணத்தில் அலை கொன்றவர்களைவிட, இடம்பெயர்ந்த சிரமத்தால் பிறகு இறந்தவர்களின் கணக்கு அதிகம். அணு விபத்தில் வீட்டுக்குள் கதவு யன்னல் பூட்டிக்கொண்டு இருப்பதே சில நேரம் நல்லது. சுனாமியில் அப்படி இருக்க முடியாது. ஆனால் எப்படித் தூக்குவது, எதில் ஏற்றுவது, யார் கூடப் போவது என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான். என் அப்பாவை உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்திப் பார்த்தோம். மெத்தை இல்லாமல் முடியாது என்று முதல் குழியிலேயே தெரிந்துவிட்டது. இப்போது அந்தப் பெட்டிக்கென்று ஒரு பழைய மெத்தையை எங்கள் விறாந்தையில் சுருட்டி வைத்திருக்கிறோம்.

கடலில் இருக்கும் படகுகளுக்குக் கரைக்கு வராமல் ஆழத்துக்குப் போகச் சொல்லவேண்டும் என்பதை மீனவர் சங்கத்துக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு பிழை எங்கள் பட்டியலில். உதவி தேவைப்படுகிற பதினொரு வீட்டின் விபரம் ஒரே ஒருவரின் கைபேசியில் இருந்தது. அன்றைக்கு அவருடைய கைபேசி சார்ஜ் இறங்கிப் போயிருந்தது. ஃபுகுஷிமாவிலும் விபத்துக் காலத்துக்கென்றே உலையிலிருந்து 5 கிலோமீற்றரில் கட்டிவைத்த கட்டளை நிலையம், மின்சாரமும் தொடர்பும் இல்லாமல் கைவிடப்பட்டது. இப்போது எங்கள் பட்டியலைத் தாளில் எழுதி, தாளுக்குப் பிளாஸ்ரிக் உறை போட்டு, கோயிலிலும் பாடசாலையிலும் கிராம அலுவலரிடமும் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தூக்கிவரும் ஆளின் பெயர் ஒன்று, அவர் ஊரில் இல்லாவிட்டால் வருபவரின் பெயர் இன்னொன்று.

அடுத்த ஒத்திகை மாரி தொடங்க முன்னம், இரவு 8 மணிக்கு. பகலில் தெரியாதது இருட்டில் தெரியும். செயற்கைக்கால் அண்ணைக்குப் பக்கத்து வீட்டுத் தம்பியைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறோம். போன சனிக்கிழமை ரோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு தடவை மாட்டிப் பழகினான். இரண்டாவது தடவை ஆறு நிமிடம் எடுத்தது. பட்டியின் கொளுக்கி துருப்பிடித்திருக்கிறது, அதை மாற்றினால் இன்னும் குறையும் என்று அண்ணை சொன்னார்.